டாங்கி ஃபிட்டரின் கைக்கோடாரி

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முத்தாபுதுப்பேட்டையில் கற்காலக் கோடாரி செய்து பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறார் என்று ஆசிரிய நண்பர் சொன்னார். கிளம்பிவிட்டேன். விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர். தெருவுக்குள் நுழைந்ததும் ‘ணங்’கென்ற சத்தமே வழி காட்டியது.

“செருப்பக் கழட்டாதீங்க சார், தரையெல்லாம் சில்லு” என்றார்.

தொடைமேல் டயர் ரப்பர், கண்ணில் பட்டறைக் கண்ணாடி. இடது கையில் குவார்ட்சைட் கூழாங்கல். வலது கையில் அதை உடைக்க இன்னொரு கூழாங்கல். விளிம்பில் ஓர் அடி விழ, அடிப்பக்கம் சில்லு பெயர்ந்தது. கல்லைத் திருப்பினார், மறுபடி அடித்தார். அடிக்கும் கோணத்தைப் பற்றி நெடுநேரம் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சுத்தியல் கல்லைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை முழுக்கப் பொடிக்குழிகள். “ஃபைல் புடிச்ச கை சார் இது. மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து அளந்து முப்பது வருஷம் ஓடிப்போச்சு. இவன் அளவே பாக்காம ரெண்டு பக்கமும் சமமா கொண்டாந்திருக்கான் பாருங்க” என்றார். ‘இவன்’ என்றது, அத்திரம்பாக்கத்தில் கல் உடைத்த ஆதி மனிதனை.

1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு, அக்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தது. ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது; இருக்கவும் வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாடி எதையும் சொல்லித்தருவதில்லை.

நண்பரின் வகுப்பில் ஃபிட்டர் பெட்டியைத் திறந்து பேசாமல் நின்றார். “இதுக்குப் பிடி எங்க?” என்றான் ஒருவன். “நீயே புடி” என்றார். பையன் மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்து, கனத்த பக்கம் உள்ளங்கையில் அமர்ந்ததும் சிரித்தான். அட்டைப்பெட்டியை அறுத்தார்கள், கரும்பைச் சீவினார்கள். பாடப்புத்தகத்தின் பழைய கற்காலப் பாடத்தை அன்று யாரும் திறக்கவில்லை.

ஒவ்வொரு கல்லின் அடியிலும் ‘மாதிரி’ என்ற சொல்லையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதிவிடுகிறார். தார்ப்பாயில் விழும் சில்லைக்கூடக் கூட்டி மூட்டையில் கட்டுகிறார். வெளியே கொட்டினால் நாளை ஆய்வாளர் ஏமாறுவாராம். கட்டட வேலைக்கு வரும் லோடில்தான் கல் பொறுக்குகிறார், ஆற்றோரத்தில் அல்ல.

இந்த மனிதருக்கு என்ன கிடைக்கிறது? அரசுப் பள்ளியில் டீயும் சால்வையும். அதில் அவருக்கு வருத்தமில்லை. தனியார் பள்ளிகளுக்குள் இவரை அழைத்துப்போவது நிகழ்ச்சி நடத்தும் ஏஜென்சிகள். ‘பாரம்பரியப் பயிலரங்கம்’ என்று பெயர் வைத்துப் பிள்ளைக்கு இவ்வளவு என வசூலிக்கிறார்கள். இவர் கைக்கு வருவது ஆட்டோச் செலவோடு கொஞ்சம். பேனரில் ஏஜென்சியின் பெயர், இவருக்கு ‘உதவியாளர்’ அட்டை! கல்லை உடைத்தவன், சுமந்தவன், விரலில் ரத்தம் பார்த்தவன் எல்லாம் இவர். பள்ளிகள் நேரடியாக அழைத்தால் என்ன? ஒரு போன் போதும். அதைச் செய்ய மனமில்லாத நிர்வாகம் பாரம்பரியம் பேசுவது வெறும் விளம்பரம்.

ஏஜென்சி இல்லாமலும் வழி உண்டு. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் மாணவர்களையே ஊர் வரலாறு தேட வைத்தது. ஆவடிப் பள்ளிகளுக்கு அத்திரம்பாக்கம் அரை நாள் பயணம். வழியில் பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப்போங்கள். அங்கே தரையில் கிடக்கும் கல்லைப் படம் எடுங்கள், துறைக்குச் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.