மஞ்சள் விளக்கு எரிந்தபோது...

உளுந்தூர்பேட்டையில் கார் வைத்திருப்போரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டீசல் விலைக்கு அடுத்தபடியாக அவர்கள் நொந்துகொள்வது, ஸ்டியரிங்கிற்குப் பின்னே எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றித்தான். அந்த நோவை நானும் அறிவேன்.

வெளிநாடு சென்ற என் மைத்துனர், தமது டீசல் காரை என் பொறுப்பில் விட்டுச் சென்றார். நெரிசலில் நின்றதும் இஞ்சின் தானே அணைந்துவிடும். கிளட்சை மிதித்தால் மீண்டும் இயங்கும். அது எரிபொருள் சிக்கனத்திற்கான ஏற்பாடு என்று அறியும்வரை, வண்டி பழுதாகிவிட்டதென்றே கலங்கினேன். பின்னர் ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. "சென்சார் கோளாறுதான் ஹஜ்ரத், தைரியமாக ஓட்டுங்கள்" என்றார் ஒருவர். நானும் ஓட்டினேன்.

பத்து நாள் கழித்து, நள்ளிரவில் என் தாயாருக்கு மூச்சுத் திணறியது. புதுச்சேரி மருத்துவமனைக்கு விரைந்தோம். அரசூரை நெருங்குகையில் வேகம் குறைந்தது. எவ்வளவு மிதித்தும் ஏறவில்லை. நடுச்சாலையில் வேறு வண்டிக்காகக் காத்துநின்ற அந்த அரைமணி நேரத்தை நான் மறவேன். அல்ஹம்துலில்லாஹ், தாயார் நலம் பெற்றார்கள்.

பணிமனையில், ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 முனை இணைப்பில் கருவியைச் செருகிக் காரணத்தைக் கண்டனர். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தேங்கிய கரி எரிந்தொழிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீராகச் சிறிது நேரம் ஓடினால் அது எரிந்தொழிய வாய்ப்புக் கிட்டும். நானோ வீட்டிற்கும் மதரஸாவிற்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிடுவேன். கரி அளவுமீறித் தேங்கவே, இஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் ஆற்றலைக் குறைத்துக்கொண்டது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டியே செல்கிறது என்பதை எண்ணி வெட்கினேன்.

விளக்கு எச்சரிக்கிறதே தவிர, விவரம் கூறுவதில்லை. விவரம் கூறும் கையேடோ ஆங்கிலத்தில் இருந்தது. விற்பவர்கள் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தால் எத்துணை நன்மை! எனினும், பட்டப்படிப்பு படித்த நான் அதைப் புரட்டிப் பாராதது என் தவறே.

எனவே, ஊருக்குள் மட்டும் ஓட்டுவோர் டீசல் கார் வாங்குமுன் யோசியுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் தாமதியாது கருவியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கெனில் உடனே ஓரமாக நிறுத்துங்கள். விளக்கை அணைப்பது வேறு. கோளாற்றைத் தீர்ப்பது வேறு.