நான்காம் வார்த்தை

கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் பரப்பிய தொழுவம். ஒருபுறம் மேய்ப்பர்கள், மறுபுறம் ஒட்டகங்களோடு கீழைநாட்டு ஞானிகள், கூரைமேல் ஒரு நட்சத்திரம். மேய்ப்பர்கள் லூக்காவில் மட்டுமே வருகிறார்கள். ஞானிகளும் நட்சத்திரமும் மத்தேயுவில் மட்டும். ஞானிகள் மூவர் என்றுகூட மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. அவர் சொல்வது மூன்று காணிக்கைகளைத்தான். மாட்டையும் கழுதையையும் இருவருமே குறிப்பிடுவதில்லை. மாற்கிலும் யோவானிலும் பிறப்புக் கதையே கிடையாது. குடில் அழகானதுதான், அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் சுவிசேஷங்களை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நான்கு நூல்களிலிருந்து எடுத்து ஐந்தாவதாக ஒன்றை மனதுக்குள் எழுதிக்கொண்டு, அந்த ஐந்தாவதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆசை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாத்தியன் என்ற சிரிய அறிஞர் நான்கையும் இழைத்து ஒரே கதையாக்கினார். ‘தியாதெஸ்ஸரோன்’ என்று அதற்குப் பெயர். சிரிய மொழித் திருச்சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்ற ஆயர் தன் எல்லைக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அப்புறப்படுத்தி, அவற்றின் இடத்தில் தனித்தனியான நான்கு சுவிசேஷங்களை வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். புத்தகங்களை அகற்றும் ஆயர்களைப் பொதுவாக எனக்குப் பிடிப்பதில்லை. இந்த ஒருவரிடம் மட்டும் கொஞ்சம் நன்றியுணர்வு உண்டு.

பின்னால் வந்தவர்களும் அதையே வேறு நோக்கங்களோடு செய்தார்கள். தாமஸ் ஜெஃபர்சன் கத்தியால் பக்கங்களை வெட்டி, அற்புதங்களைத் தள்ளிவிட்டு, போதனைகளை மட்டும் ஒட்டி 1820 வாக்கில் தனக்கென ஒரு நூலைத் தயாரித்தார். அது கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைப்பதோடு முடிந்துவிடும். தல்ஸ்தோய் 1880களில் நான்கையும் இணைத்து எழுதிய சுருக்கமான சுவிசேஷத்தை முதல் உலகப்போரில் விட்கென்ஸ்டைன் தன் பையில் சுமந்து திரிந்தார். தமிழில் கண்ணதாசனின் ‘இயேசு காவியம்’ உண்டு. அவர் மறைந்த பிறகு 1982இல் வெளிவந்தது. காவியத்துக்கு ஒரே கதைதான் வேண்டும், நான்கு கதைகளை வைத்துக்கொண்டு காவியம் செய்ய முடியாது. ஆகவே கவிஞனை மன்னித்துவிடலாம்.

நான் செய்து பார்த்தது இதற்கு எதிரானது. ஓராண்டு முழுக்க ஒவ்வொரு சுவிசேஷத்தையும் மற்ற மூன்றும் எழுதப்படவே இல்லை என்பதுபோல வாசித்தேன். பிறகு ஒப்புநோக்குப் பதிப்பை எடுத்துக்கொண்டேன். முதல் மூன்று சுவிசேஷங்களையும் பக்கத்துப் பக்கமாகப் பத்திகளில் அச்சிடும் முறையைக் கிரீஸ்பாக் என்ற ஜெர்மானியர் 1770களில் நிலைநாட்டினார். பார்வைக்குக் கணக்குப் பேரேடு போலிருக்கும். ஆனால் வாசிக்கத் தெரிந்தவனுக்கு அதைவிடப் பரபரப்பான பக்கங்கள் குறைவு. ஒரே நிகழ்ச்சி, ஓரிடத்தில் ஒரு சொல் இருக்கிறது, பக்கத்துப் பத்தியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்தச் சொல் ஏன் விடுபட்டது?

பெரும்பாலான ஆய்வாளர்கள் மாற்கைத்தான் முதலில் எழுதப்பட்டதாகக் கொள்கிறார்கள். எருசலேம் ஆலயம் அழிந்த பொ.யு. 70ஐ ஒட்டிய காலம். மத்தேயுவும் லூக்காவும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். இருந்தும் நான்கில் குறைவாக வாசிக்கப்படுவது மாற்குதான் என்று நினைக்கிறேன். போதனையைத் தேடி வருபவர்களுக்கு அதில் அதிகம் கிடைக்காது. மலைப்பிரசங்கம் இல்லை. நல்ல சமாரியன் இல்லை, கெட்ட குமாரன் இல்லை. அவ்விரு உவமைகளும் லூக்காவின் தனிச்சொத்து. முதல் அதிகாரத்தில் இயேசு கப்பர்நகூம் ஜெப ஆலயத்துக்குப் போய்ப் போதிக்கிறார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்கிறார் மாற்கு. என்ன போதித்தார்? ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வரியில் பேய்பிடித்த ஒருவன் கத்தத் தொடங்குகிறான். ‘உடனே’ என்ற சொல் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. மூச்சு வாங்க ஓடிவந்து செய்தி சொல்பவனின் நடை. இறந்த காலத்தில் சொல்லிக்கொண்டு வருபவர் சட்டென்று நிகழ்காலத்துக்குத் தாவிவிடுவார். கிரேக்கம் செப்பமானதல்ல என்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை கூடுகிறது.

இந்த அவசரத்துக்கு நடுவே, எங்கும் பயன்படாத சில நுண்தகவல்கள் கிடக்கின்றன. புயலடிக்கும் படகில் இயேசு தூங்குவதை மூவரும் சொல்கிறார்கள், தலைக்கடியில் ஒரு தலையணை இருந்ததை மாற்கு மட்டும் சொல்கிறார். கெத்செமனேயில் கைது நடக்கும்போது ஒரு வாலிபன் மேலே போர்த்தியிருந்த துணியைப் பிடித்தவர்கள் கையில் விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடுகிறான். யார் அவன்? முன்னும் பின்னும் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. சிலுவையைச் சுமக்க வழியில் பிடிக்கப்பட்ட சிரேனே ஊர்ச் சீமோன், அலெக்சந்தருக்கும் ரூப்புவுக்கும் தகப்பன் என்கிறார். முதல் வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற இரு பத்திகளிலும் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை.

ஆனால் விடுபட்டவை எல்லாமே தலையணைகள் அல்ல. மாற்கின் மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவின் சொந்தக்காரர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று பிடித்துப்போக வருகிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் இதைத் தொடவில்லை. சொந்த ஊரில் அவரால் அற்புதம் எதையும் செய்ய முடியவில்லை, சில நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கியதைத் தவிர, என்கிறார் மாற்கு. மத்தேயு அதை, அவர் அங்கே அதிகம் செய்யவில்லை என்று மாற்றுகிறார். ‘முடியவில்லை’ என்பதற்கும் ‘செய்யவில்லை’ என்பதற்கும் நடுவில் ஒரு இறையியலே இருக்கிறது. பெத்சாயிதாவில் ஒரு குருடன்: எச்சில் தொட்டுக் கைவைத்த பிறகும் அவனுக்கு மனிதர்கள் நடக்கிற மரங்களாகத்தான் தெரிகிறார்கள், இயேசு இரண்டாம் முறை கைவைக்க வேண்டியிருக்கிறது. முதல் முயற்சியில் முழுமை பெறாத ஒரே அற்புதம் இது. இரு பத்திகளிலும் இடம் காலி. சீரோபெனிக்கியப் பெண் தன் மகளுக்காக மன்றாடும்போது இயேசு அவளை நாயோடு சேர்த்துப் பேசுகிறார். அவள் அந்த உவமையையே திருப்பி அவரிடம் வைக்கிறாள், அவர் விட்டுக்கொடுக்கிறார். மத்தேயுவின் இயேசு அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டுவார். மாற்கின் இயேசு அவள் சொன்ன சொல்லைப் பாராட்டுகிறார். வாதத்தில் தோற்ற இயேசு மாற்கில் மட்டும்தான் இருக்கிறார், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

இந்த வரிசையின் கடைசியில் சிலுவை. தமிழகத்துத் திருச்சபைகள் பலவற்றில் பெரிய வெள்ளியன்று நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். ஏழு என்பது கூட்டிப்பெற்ற எண். மூன்று லூக்காவிலிருந்து, மூன்று யோவானிலிருந்து, ஒன்று மாற்கிலும் மத்தேயுவிலும் இருப்பது. அந்த ஒன்று நான்காவதாக வரும். தேவன் தன்னை ஏன் கைவிட்டார் என்று கேட்கும் கூக்குரல் அது. அதற்கு முன்னால் மன்னிப்பும் பரதீசும் தாயை ஒப்படைப்பதும் ஆகிவிட்டிருக்கும். பின்னால் தாகம், பிறகு எல்லாம் நிறைவேறியதென்ற சொல், பிறகு தகப்பன் கையில் ஆவியை ஒப்புவிப்பது. நான்காம் வார்த்தை அரைமணி நேரத்துக்குமேல் பதிலில்லாமல் நிற்பதில்லை. அடுத்த போதகர் எழுந்து வந்துவிடுவார்.

மாற்கில் அடுத்தது எதுவும் இல்லை. அவருடைய இயேசு சிலுவையில் பேசுவது அந்த ஒரே வாக்கியம்தான், அதுவும் அரமேயத்தில். நின்றவர்களுக்கு அதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை, எலியாவைக் கூப்பிடுகிறான் என்கிறார்கள். ஒருவன் காடியில் தோய்த்த கடற்காளானை நீட்டுகிறான். பிறகு மறுபடியும் ஒரு பெரிய சத்தம், சொல் ஏதுமில்லாத சத்தம், மரணம். லூக்கா அந்தக் கூக்குரலை முழுதாக நீக்கிவிட்டு, சொல்லில்லாச் சத்தம் இருந்த இடத்தில் 31ஆம் சங்கீதத்திலிருந்து அமைதியான ஒரு ஒப்படைப்பை வைக்கிறார்.

என் அப்பா 2011இல் இறந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஐம்பது ஆண்டுகளுக்குமேல் தினமும் விடியுமுன் பைபிள் வாசித்தவர். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கடைசி நாட்களில் மருந்து இரவைத் தாண்டவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள் பின்னிரவில் கண்ணைத் திறந்து, “யாருமே இல்லையாடா?” என்று கேட்டார். அறையில் நாங்கள் ஐந்து பேர் நின்றிருந்தோம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். அவர் திரும்பவும் அதையே கேட்டார். பிறகு பேச்சில்லை, வலியின் ஒலி மட்டும் காலைவரை இருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன சொன்னார் என்பது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது வழக்கம். அம்மா ஒரு சங்கீதத்தின் முதல் வரியைச் சொன்னாள். அப்பா அதை வாரக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். நினைவு அட்டையில் அதுவே அச்சானது. நான் மறுத்துப் பேசவில்லை, இன்றும் பேச மாட்டேன். அந்த வாரம்தான் லூக்கா எனக்கு விளங்கினார். கையிலிருக்கும் பிரதியில் அந்தக் கூக்குரல் இருக்கிறது. கேட்கப்போகிறவர்கள் அதைத் தாங்கமாட்டார்கள். இறந்தவன் வாழ்நாளெல்லாம் சொன்ன சங்கீதங்களில் வேறொன்றும் உண்டு, அதுவும் பொய்யில்லை. லூக்கா அதை எடுத்து வைத்தார். அன்புள்ளவர்கள் செய்கிற காரியம்தான் அது.

ஆனால் அப்பா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு நான் போகக்கூடிய இடம் மாற்கு ஒன்றுதான். அவர் அதைத் திருத்தவில்லை. அதைக் கேட்டவனின் விசுவாசம் கெட்டுப்போயிற்று என்றும் சொல்லவில்லை. அவன் இறந்த விதத்தைப் பார்த்து ரோமானிய நூற்றுக்கு அதிபதி அவனை யாரென்று அறிந்துகொள்வதை அடுத்தாற்போல வைக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவானது. அந்தக் கூக்குரல் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். முதல் வரியைச் சொன்னால் முழுப் பாடலையும் குறித்ததாகும், அந்தச் சங்கீதமோ துதியில் முடிகிறது. ஆகவே இது கைவிடப்பட்டவனின் குரல் அல்ல, நம்பிக்கையின் குரல் என்பார்கள். பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். மாற்கு அந்தச் சங்கீதத்தை மனதில் வைத்தே எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆடைகளைச் சீட்டுப்போட்டுப் பங்கிடுவது, தலையசைத்து ஏளனம் செய்வது எல்லாம் அதிலிருந்து வருபவை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை அதன் முற்பகுதியில் இருப்பவை. துதி தொடங்கும் இடத்துக்கு அவர் போகவே இல்லை. வேண்டுமென்றால் ஒரு வரி சேர்த்திருக்கலாம். துதியில் முடியும் சங்கீதத்தைப் பாடத் தொடங்குகிறவனுக்கு முதல் வரியில் வலிக்காது என்பதை எப்படி நம்புவது?

மாற்கின் முடிவும் இதே இயல்புடையதுதான். சீனாய் மலை மடத்தில் திஷெண்டோர்ஃப் 1844இலும் 1859இலும் கண்டெடுத்த சுவடியிலும், வத்திக்கான் நூலகத்துச் சுவடியிலும் (இரண்டும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை) மாற்கு 16ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் காலியான கல்லறையிலிருந்து நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்தவரை ஒருவரும் பார்க்கவில்லை. எழுந்துவிட்டார் என்ற செய்தி மட்டும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு வசனங்கள் சேர்ந்தன. அவற்றில் தோன்றுதலும் கட்டளையும் பரமேறுதலும் வருகின்றன. நினைவு அட்டைக்கு வசனம் தேடியவர்களை நான் அறிவேன் என்பதால் இந்தப் பெயர் தெரியாத எழுத்தர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை.

கிரேக்கத்தில் அந்த எட்டாம் வசனத்தின் கடைசிச் சொல் ‘கார்’. ‘ஏனெனில்’ என்ற பொருளுடைய சிறு இடைச்சொல். அவர்கள் அஞ்சினார்கள் என்று காரணம் சொல்லிவிட்டு நூல் நின்றுபோகிறது. ஒரு புத்தகத்தை அப்படி முடிக்க முடியுமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. தமிழில் அப்படி முடிக்க வழியில்லை. நம் வாக்கியத்தில் காரணம் முதலில் வருவதே இயல்பு, வினை கடைசியில். ஆகவே பழைய மொழிபெயர்ப்பில் பயம் முன்னால் போய்விடுகிறது, அவர்கள் ஒன்றும் சொல்லாமற்போனதில் வசனம் நிற்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த பிரதியில் ஒன்பதாம் வசனம் இடைவெளி ஏதும் இல்லாமல் அதே பத்தியில் தொடர்ந்து அச்சாகியிருக்கிறது. நான் எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிடுகிறேன்.