நாற்பது அடிக் கிணறும் பட்டர்பிளை நீச்சலும்

2024 தை மாதம். பக்கத்துப் பிஞ்சைக் கிணற்றில், ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு போன பையன் கால் தவறி விழுந்துவிட்டான். பத்து வயசு. சத்தம் கேட்டு ஓடிப்போய்க் குதித்தேன். பிடித்தும் விட்டேன். ஆனால் படி இருக்கிற பக்கம் அவனை இழுத்து வருவதற்குள் எனக்கு மூச்சு முடிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கிணறு நாற்பது அடிதான். மோட்டார் போட வந்த ரெண்டு பேர் கயிறு வீசி எங்கள் இருவரையும் மேலே ஏற்றினார்கள்.

பையன் அஞ்சு நிமிஷத்தில் எழுந்து, "என் குட்டி எங்க?" என்று கேட்டான். நான் அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழகி, எட்டு வயசிலேயே மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தவன் நான். நாற்பத்து நாலு வயசு வரைக்கும் "நமக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லித் திரிந்தாச்சு. தெரிந்ததெல்லாம் மிதக்க மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நகரத்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோவில்பட்டிக் கரிசல் காட்டுக் கிணறுகளில் எப்போதும் தண்ணீர் கிடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறினால் உண்டு. சித்திரையில் அடிப்பாறை தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் தண்ணீரில் நின்று அழுகின. மிஞ்சியது கிணறு நிறையத் தண்ணீர் மட்டும். அந்த மழைத் தண்ணீரில்தான் பையன் விழுந்தான். அதே தண்ணீரில்தான் நானும் மறுபடி நீந்த ஆரம்பித்தேன்.

திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் மகள் விஷயத்தைக் கேட்டுத் திட்டினாள். "தனியா கிணத்துல அடிச்சுக்கிட்டு இருக்காதீங்கப்பா. முறையாப் பழகுங்க" என்று அங்கே ஒரு நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டாள். வாரக் கடைசியில் பஸ் ஏறிப் போனேன். பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். ரெண்டு மாதம் சாதா நீச்சலையே திருத்தினார். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி பட்டர்பிளை போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, "இதைச் சொல்லிக் கொடுங்க தம்பி" என்றேன்.

"அண்ணாச்சி, அது ரொம்பக் கஷ்டம். ஆனா மூச்சைப் பழக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தப்பாப் போட்டா அடுத்த நிமிஷமே சொல்லிக் கொடுத்துரும்" என்றார்.

இந்த நீச்சலுக்கு வயசு அதிகமில்லை. 1930-களில் அமெரிக்காவில் மார்பு நீச்சல் போட்டவர்கள், வேகத்துக்காகக் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசத் தொடங்கினார்கள். காலை மீன்வால் மாதிரி அடிக்கும் பழக்கமும் அதே காலத்தில் வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில்தான் இது தனிப் போட்டியானது.

முதல் நாள் நான் மம்பட்டி போடுகிற மாதிரி போட்டேன். ரெண்டு கையையும் ஓங்கி வீசி, தலையைத் தூக்கி மூச்சு வாங்கி, முழு பலத்தோடு இழுத்தேன். பத்து மீட்டரில் கால் அடியில் போய்விட்டது. மருந்தடிக்கும் டேங்க் சுமந்து தேய்ந்த வலது தோள்பட்டை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

பயிற்சியாளர் கையை மறக்கச் சொன்னார். நெஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்கினால் இடுப்பு தானாக மேலே வரும். அந்த அலைதான் ஆளைத் தள்ளுகிறது. ஒரு கைவீச்சுக்கு ரெண்டு காலடி: கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, இழுத்து முடித்து வெளியே எடுக்கும்போது ஒன்று. மூச்சு வாங்கத் தலையைத் தூக்கக் கூடாது. தாடை தண்ணீரை உரசிக்கொண்டு முன்னால் போனால் போதும். கை முன்னால் வந்து சேருமுன் முகம் உள்ளே போய்விட வேண்டும். கை காற்றில் வரும்போது தளர்ந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வரவேயில்லை. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அப்பாவின் கமலை ஞாபகம் வந்தது. மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை தண்ணீரோடு மேலே வரும். கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேறும். அப்போது வடம் தொய்ந்து கிடக்கும். அந்த நடையில் அப்பா மாட்டை விரட்டவே மாட்டார். "இப்பத்தாம்ல மாடு மூச்சு விடுது" என்பார். அப்படி விட்டதால்தான் காலையிலிருந்து உச்சிவரை அதே மாடுகளால் இறைக்க முடிந்தது. என் கை காற்றில் வருவதும் அந்தத் தொய்ந்த வடம்தான். அங்கேயும் நான் மாட்டை அடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஒருநாள் சஜன் பிரகாஷ் நீந்தும் வீடியோவைக் காட்டினாள். கேரளத்தில் பிறந்தாலும் நம்ம நெய்வேலியில் வளர்ந்து, அங்கேயே நீச்சல் பழகியவர். கழுத்து எலும்புத் தட்டு விலகி, கை தூக்கவே சிரமப்பட்ட ஆள். அதிலிருந்து மீண்டு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்பிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 1:56.48. அந்தத் தகுதியைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். வீடியோவில் அவர் கை எவ்வளவு சாதாரணமாகத் தண்ணீருக்கு மேலே வருகிறது என்பதையே நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கிணற்றில் தண்ணீர் இருந்தவரை, மேட்டில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். நாலே வீச்சு, பிறகு சுவரைப் பிடித்து முப்பது எண்ணும்வரை ஓய்வு. இப்படிப் பத்துத் தடவை. உடம்பு கோணியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது பயிற்சியாளர் கட்டளை; களைத்த பிறகு அடிக்கும் ஒவ்வொரு வீச்சும் தப்பைத்தான் பழக்குமாம். நாலு வீச்சு ஆறாகி, எட்டானது. சித்திரையில் கிணறு வற்றியது. பிறகு குளத்தில் மட்டும். 25 மீட்டர் போக ஏழு மாதம் ஆனது. இப்போது ஓய்வு விட்டு விட்டு எட்டுத் தடவை போகிறேன். 50 மீட்டர் ஒரே மூச்சில் ஒரே ஒரு தடவைதான் முடிந்திருக்கிறது. தோள் வலி குறைந்திருக்கிறது, போகவில்லை.

போன ஆவணியில் பயிற்சியாளர் உடம்பைத் தளர்த்தி மயங்கின ஆள் மாதிரி கிடந்தார். "இழுத்துக்கிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார். 25 மீட்டரும் இழுத்துக்கொண்டு போனேன். பட்டர்பிளை இல்லை, மல்லாந்து காலடித்துத்தான். கரை தொட்டபோது பேச மூச்சு இருந்தது.

இப்போது என் கிணற்று மேட்டில் நீளக் கயிறும் காற்றடித்த லாரி டியூப்பும் எப்போதும் கிடக்கின்றன. குதிக்கும் முன்னால் அதை வீச வேண்டும் என்பதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். இந்த வருசமும் ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பையன் வருகிறான். இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடுகிறேன். "மாமா, அந்த ரெக்கை நீச்சல் எப்ப சொல்லித் தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"முதல்ல படி வரைக்கும் தனியா வாடா" என்றிருக்கிறேன். இன்னும் பத்தடி பாக்கி.