பஞ்சு இருமல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் காசநோய்ப் பிரிவு வாசல் பெஞ்சில் இரண்டு பெண்கள். ராஜபாளையம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். மூத்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் வேலை என்பது பேச்சில் தெரிகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் சேலைத் தலைப்பு வாய்க்குப் போகிறது.

"எல்லாம் பஞ்சுத் தூசிதான் மதினி. ஷிப்டு முடிஞ்சதும் ஒரு துண்டு வெல்லம் தின்னுங்கன்னா கேக்குறீங்களா?"

"வெல்லம் தின்னாம இருக்கேனா? லீவு நாள்லயும்லா இருமுது."

பஞ்சு நோய்க்கு ஒரு குணம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கும். மறுநாள், அதற்கு மறுநாள் என்று தணியும். ஆரம்ப காலத்தில் அப்படித்தான். லீவு நாளிலும் விடாத இருமல் என்றால் தூசியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

லேப் பையன் மூடி போட்ட சிறு டப்பியை நீட்டுகிறான். "எச்சி வேண்டாம்க்கா. மூச்சை நல்லா உள்ள இழுத்து, நெஞ்சுல இருந்து காறிக் குடுங்க. வெளிய காத்தோட்டமா நின்னு செய்யுங்க." அவள் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டுக் குனிகிறாள். திரும்பி வரும்போது டப்பி முந்தானைக்குள் இருக்கிறது. நோயைவிட இந்த மறைப்புதான் என்னை அதிகம் வருத்தியது.

உள்ளே மேசைமேல் ட்ரூநாட் கருவி. கோவாவில் தயாராவது, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். சளியை மருந்து ஊற்றிக் கரைத்து, கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்து, ஒரு சொட்டை சிறிய சிப்பில் வைக்கிறான். ஒரு மணி நேரத்தில் கிருமி உண்டா இல்லையா தெரியும். உண்டு என்றால், ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு அது கட்டுப்படுமா என்று இன்னொரு சிப் சொல்லும்.

இரண்டாவது சிப்புக்குப் பிறகு பையன் முகம் மாறியது. "டாக்டரைப் பார்த்துட்டுப் போங்கக்கா. இன்னொரு டப்பி சளியும் வேணும்." அந்த டப்பி ஐஸ் பெட்டியில் ஏறி, பெரிய ஆய்வகத்துக்குப் புறப்படத் தயாரானது.

அந்த இரண்டாவது சிப் பார்ப்பது காசநோய்க் கிருமியின் ஒரே ஒரு மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட துண்டை. கிருமியின் முழு மரபணுத் தொகுதியோ 44 லட்சம் எழுத்துகள்; 1998-ல்தான் அது முதன்முறையாக முழுதாகப் படிக்கப்பட்டது. மிச்ச எழுத்துகளிலும் சங்கதி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சுவாசிலாந்தில், இன்றைய எஸ்வாட்டினியில், 2009-ல் சேகரித்த பலமருந்து எதிர்ப்புக் கிருமிகளில் நூற்றுக்கு முப்பதில் மாற்றம் அந்த 81-க்கு வெளியே இருந்தது. விரைவுச் சோதனை அதைத் தவறவிட்டது. எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் அது பிடிபடும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதோடு, ஒரே மில்லில் இருவருக்கு வந்தது ஒரே கிருமிதானா என்பதையும் அந்த வரிசை காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்து 2017-லேயே காசநோய்க்கு வரிசைப்படுத்தலை வழக்கமாக்கிவிட்டது. மருந்து எதிர்ப்பைக் கண்டறிய, தேர்ந்தெடுத்த மரபணுப் பகுதிகளை வரிசைப்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனமும் 2024-ல் பரிந்துரைத்தது.

நமக்கு இது தெரியாத வித்தை அல்ல. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்து, கொரோனாவின் 30,000 எழுத்துகளைப் படித்தது. வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதும் 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். அப்பேர்ப்பட்ட மாநிலத்தில் கார்டிங் வேலைக்காரியின் சளியும் தாமதமில்லாமல் முழுதாகப் படிக்கப்பட வேண்டும். பஞ்சாலை ஊர்களுக்கு அந்த வசதி முதலில் கிடைக்க வேண்டும்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவள் கூட வந்தவளிடம் கேட்ட முதல் கேள்வி, "மில்லுல சொல்லணுமாத்தா?" மற்றவள் பதில் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் தாண்டியும் உங்கள் வீட்டில் யாராவது இருமினால் பஞ்சு, புகை, பனி என்று காரணம் தேடாதீர்கள். சளியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கும் காசு இல்லை, மாத்திரைக்கும் காசு இல்லை.