அந்த ஒன்பது சனிக்கிழமைகள்

நியூஜெர்சிக்குக் குடிவந்த மூன்றாவது வருஷம், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை வெஸ்ட் பாயிண்டுக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் பார்க்க அழைத்துப்போனார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். ஹட்சன் ஆற்றங்கரை மலைமேல் அமெரிக்க ராணுவ அகாதெமி. அதன் மைதானத்துக்கு மைக்கி ஸ்டேடியம் என்று பெயர். டென்னிஸ் மைக்கி என்ற கேடட்தான் 1890ல் இந்த ஆட்டத்தை அங்கே கொண்டுவந்தவராம். எட்டே வருஷத்தில், 1898ல், கியூபாவில் நடந்த சண்டையில் இறந்துபோனார். ஆட்டம் பார்க்கப் போகிற இடத்தின் பெயரே போரில் இறந்த ஒரு பையனின் பெயர் என்பது என்னவோ செய்தது.

ஃபுட்பால் என்கிறார்கள், ஆனால் நீள்வட்டப் பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. அன்று எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ராணுவ அணி தோற்றது. தோற்றவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிறச் சீருடையில் நின்ற சக மாணவர்களுக்கு முன்னால் போய் நின்று அகாதெமியின் பாட்டைப் பாடினார்கள். வருஷத்தின் கடைசி ஆட்டம் கடற்படை அகாதெமியோடு. அதில் தோற்ற பக்கத்தின் பாட்டு முதலில், ஜெயித்த பக்கத்தின் பாட்டு இரண்டாவது. இரு அணிகளும் இரண்டு பாட்டுக்கும் சேர்ந்து நிற்கும். வருஷம் முழுக்கப் பையன்கள் ஏங்குவது அந்த இரண்டாவது பாட்டுக்காகத்தான் என்றார் பெரியவர்.

திரும்பி வரும் வழியில் அவர் ராணுவ அணியின் பழைய கோச் பிளெய்க்கைப் பற்றிச் சொன்னார். அன்று பிடித்துக்கொண்டது; பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஏர்ல் பிளெய்க்கின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் 1944, 1945தான் ஞாபகம் வரும். ஒரு தோல்விகூட இல்லாத இரண்டு வருஷங்கள். எனக்கு அவற்றின்மேல் பெரிய ஈர்ப்பு இல்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1941ல், அவர் கோச்சாக வந்த முதல் வருஷத்தில்.

அதற்கு முந்தைய 1940ஐப் பார்த்தால்தான் அது விளங்கும். ஒன்பது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் வில்லியம்ஸ் என்ற சின்னக் கல்லூரியோடு 20-19 என்று மயிரிழையில். கார்னெல் 45-0 என்று அடித்தது. நவம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 48-0. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஐகல்பர்கர், அகாதெமியின் தலைமைப் பொறுப்புக்கு அப்போதுதான் வந்திருந்த ஜெனரல். நாளைக்குப் படை நடத்தப்போகிற பையன்கள் இப்படி அடிவாங்கி நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. பணியில் இருக்கும் அதிகாரிகளையே கோச்சாகப் போடும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, டார்ட்மத் கல்லூரியில் பேர் வாங்கியிருந்த பிளெய்க்கைக் கூப்பிட்டார். பிளெய்க்கும் வெஸ்ட் பாயிண்டில் படித்தவர்தான், 1920ல் முடித்தவர். ஆனால் சீருடையைச் சீக்கிரமே கழற்றிவிட்டவர். உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்ற மருத்துவ விதியால் கனத்த உடம்புக்காரர்களைச் சேர்க்க முடியாமல் இருந்தது. அதைத் தளர்த்தவும் ஏற்பாடானது.

பிளெய்க் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். ஆட்டப் படச்சுருளைப் போட்டு, ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, யாருடைய கால் எங்கே தப்பியது என்று பார்க்கிற ஆள். அன்றைக்கு அது புதுசு.

1941 அக்டோபரில் நான்கு சனிக்கிழமை, நான்கு வெற்றி. சிட்டடெல், விஎம்ஐ, யேல், கொலம்பியா. நவம்பர் முதல் தேதி யாங்கி ஸ்டேடியத்தில் நாட்டர்டேம். அந்த அணிக்கும் அது புது கோச்சின் முதல் வருஷம். அவர் ஃபிராங்க் லேஹி. அந்த வருஷம் முழுக்க லேஹியின் அணி யாரிடமும் தோற்கவில்லை. ஜெயிக்க முடியாமல் போனது ஒரே ஒரு அணியிடம், வெஸ்ட் பாயிண்டிடம். 0-0. போன வருஷம் அத்தனை அடி வாங்கிய பையன்கள் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் நின்றார்கள்.

அடுத்து ஹார்வர்டிடம் தோற்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை அதே பென்சில்வேனியா. மறுபடியும் தோல்விதான், 14-7. எனக்கு இந்த வருஷத்திலேயே பிடித்த ஆட்டம் இதுதான். புதிதாக வருகிற கோச் தோல்வியை ஒரே நாளில் ஒழித்துவிட முடியாது. அதைச் சுருக்கத்தான் முடியும். 48 புள்ளி இடைவெளி 7 ஆனது. அந்தப் பையன்கள் உடைமாற்றும் அறைக்குத் திரும்பும்போது எப்படி நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். போன வருஷம் தரையைப் பார்த்து நடந்திருப்பார்கள். இந்த வருஷம் கோபத்தோடு நடந்திருப்பார்கள். அந்தக் கோபம் வந்ததே பெரிய காரியம்.

வெஸ்ட் வர்ஜீனியாவை ஒரு புள்ளியில் ஜெயித்து, நவம்பர் 29ஆம் தேதி பிலடெல்பியாவில் கடற்படையிடம் 14-6 என்று தோற்றார்கள். ஐந்து வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமன். இரண்டாவது பாட்டு இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பிளெய்க் நினைத்திருப்பார். எந்த கோச்சும் அப்படித்தானே நினைப்பார்.

அன்று அரங்கில் விற்ற ஆட்டக் கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரு போர்க்கப்பலின் படம். விமானப் பிரியர்கள் என்ன சொன்னாலும், இதுவரை குண்டு போட்டு எந்தப் போர்க்கப்பலையும் மூழ்கடித்ததில்லை என்று அதன் கீழே பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். கப்பலின் பெயர் அரிசோனா. எட்டாம் நாள், டிசம்பர் 7, பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டில் அது 1,177 பேரோடு மூழ்கியது. அந்தப் பக்கத்தின் படத்தை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்ட பையன்கள் எத்தனை பேரோ.

அமெரிக்கா போரில் இறங்கியதும் அகாதெமியின் நான்கு வருஷப் படிப்பை மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள். ஐகல்பர்கர் அகாதெமியை விட்டுப் போய், 1942 முடிவதற்குள் நியூகினியின் புனாவில், சேற்றிலும் காய்ச்சலிலும் படை நடத்திக்கொண்டிருந்தார். பிளெய்க் மட்டும் இருந்தார். கண்முன்னே அணி கரையக் கரைய, புதுப் பையன்களை வைத்து மறுபடி மறுபடி கட்டினார்.

அந்த 1942ல் கடற்படையோடு ஆட்டம் அவர்களுடைய ஊரான அன்னாபொலிஸிலேயே நடந்தது. போர்க்காலப் பயணக் கட்டுப்பாடு. சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் வர முடியாது. அதனால் கடற்படை அகாதெமி தன் மாணவர்களில் ஒரு பாதியை எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, ராணுவ அணிக்காகக் கத்தச் சொல்லி உத்தரவு போட்டது. சொந்த அணி 14-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்க, நீலச் சீருடைப் பையன்கள் ராணுவத்தின் கோஷங்களைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிளெய்க்கின் பையன்களுக்கு அன்று வேறு குரல் துணையில்லை.