இணைதலும் இசைதலும்

தமிழிலக்கணம் கற்கப் புகுவார்க்கு முதற்கண் அச்சம் விளைப்பது புணர்ச்சி. நிலைமொழி ஒருபால் நிற்க, உருபு ஒருபால் வந்து சேர, இரண்டிற்கும் இடையே சாரியை என்னும் சிற்றுறுப்பு ஒன்று நுழைந்து அவற்றை இயைக்கும். மரம் என்னுஞ் சொல் ஐயுருபை ஏற்குங்கால் அத்துச் சாரியை பெற்று மரத்தை என்றாகும். அவை என்னுஞ் சொல்லோ வற்றுச் சாரியை பெற்று அவற்றை என்றாகும். அத்தினை எடுத்து அவையோடு ஒட்டுவார் எவருமிலர். ஒட்டினும் அது தமிழாகாது. இதனை யாம் வகுப்பறையிற் கற்றது முதலாண்டில். விளங்கிக்கொண்டதோ சென்ற வைகாசியில், எமதூராகிய விக்கிரமசிங்கபுரத்து ஆற்றங்கரையில், கையில் ஒரு காமிராவோடு நின்ற காலத்து. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பொதிகை மலையின் அடிவாரத்தில், பாபநாசத்தை அடுத்து, பஞ்சாலைத் தொழிலால் வளர்ந்தது எமதூர். மலைமீது ஏறினால் 1988-ஆம் ஆண்டில் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கீழே இறங்கினால் தாமிரபரணியும் வயல்களும். இத்தகைய ஊரிற் பிறந்தும் பதினெட்டு வயது வரையில் காக்கையும் கொக்கும் அன்றி வேறு பறவையின் பெயரை யாம் கேட்டறிந்திலேம். எம் கண்ணைத் திறந்தது, 2011-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. சென்ற தைத்திங்களில் நண்பர் சிலரோடு யாமும் அதிற் கலந்துகொண்டோம். பின்னர் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்திற்கும் சென்றோம். அவ்வூரார் தம் வீட்டு மரங்களிற் கூடு கட்டும் பறவைகளைத் தம் பிள்ளைகளைப்போற் காத்து வருபவர். தீபாவளிக்கும் வெடி வெடியாதவர். அரசினர் அக்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ஆயின் அதற்கு முன்னரே அஃது ஊராரின் சரணாலயமாய் இருந்தது.

அங்கே, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்கள் குளத்தின் அக்கரையில் எமக்குப் புள்ளிகளாகவே தோன்றின. எம்மிடம் இருந்தது, எம் மாமாவின் ஸ்டூடியோவிலிருந்து இரவல் வாங்கிய காமிராவும், 70 முதல் 300 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண லென்ஸும். எமக்கு அருகில் நின்ற ஒருவரிடமோ 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. அதன் விலை பல லட்சம் ரூபாய் என்று கேட்டபோது எம் நெஞ்சிற் பொறாமை புகுந்தது. அதனை ஒளிப்பானேன்?

ஊர் திரும்பும் வழியில் திருநெல்வேலியில், பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில், டெலிகன்வெர்ட்டர் என்னும் குழல் ஒன்று கண்ணிற் பட்டது. இது காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டப்படுவது. ஆதலின் இதனை யாம் இடைக்குழல் என்போம். எம்முடைய காமிராவைச் செய்த நிறுவனத்தார் செய்ததன்று, பிறர் செய்தது, இருமடங்கு பெருக்குவது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் 600 ஆகிவிடும் என்றார் கடைக்காரர். அவர் கூற்றிற் பொய் இல்லை. ஆறு மாதத்துச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினோம்.

இடைக்குழலின் தன்மையைச் சிறிது கூறுதல் நலம். அதனுள் இருப்பவை ஒளியைச் சற்றே விரிக்கும் கண்ணாடி வில்லைகள். தொலைநோக்கியில் இதே வேலையைச் செய்யும் வில்லைக்கு, 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயரே வழங்குகின்றது. லென்ஸ் வரைந்த உருவத்தின் நடுப்பகுதியை எடுத்து அகலப் பரப்புதலே இக்குழலின் தொழில். உருவம் நீளத்தில் இருமடங்கும் அகலத்தில் இருமடங்கும் பெருகினால் பரப்பு நான்கு மடங்காகும். முன்பு ஒரு பங்கு இடத்தில் விழுந்த ஒளியே இப்பொழுது நான்கு பங்கு இடத்தில் விழுதலின், ஓரிடத்து ஒளி காற்பங்காய்க் குறையும். எஃப் 5.6 என்னும் துளையுடைய லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும். 1.4 மடங்கு பெருக்கும் குழலாயின் பரப்பு இருமடங்கே, ஒளியும் அரைப்பங்கே குறையும், எஃப் 5.6 என்பது எஃப் 8 ஆகும். எக்குழலும் தானாக ஒளியைப் படைப்பதில்லை. லென்ஸ் கொணர்ந்த ஒளியைப் பங்கிடுகின்றது. லென்ஸின் குறைகளையும் கூடவே பெருக்குகின்றது.

காமிரா செய்யும் நிறுவனத்தார் தம் இடைக்குழல்களைத் தம்முடைய எல்லா லென்ஸுகளோடும் சேரவொட்டார். கேனன் நிறுவனத்துக் குழலில் முன்கண்ணாடி வெளியே துருத்தி நிற்கும். பின்புறத்தே இடமுள்ள லென்ஸுகளே அதனை ஏற்கும். நிக்கான் குழலின் வாயிற் சிறு தடை ஒன்று வைத்திருப்பர். கெங்கோ முதலிய பிற நிறுவனத்தார் செய்யும் குழல்கள் பலவற்றில் இத்தகைய தடையில்லை. பெரும்பாலான லென்ஸுகளில் அவை பொருந்தும். இதனை அறிந்தபோது, பெரிய நிறுவனத்தார் செய்யும் தடையெல்லாம் வணிகத் தந்திரம் என்றே யாம் எண்ணினோம். அத்தடையிலே ஓர் அறிவுரையும் அடங்கியிருக்கக்கூடும் என்பது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.

வைகாசி விடுமுறையில் ஒரு நாள், ஞாயிறு ஆராதனை முடிந்தபின், காமிராவோடு ஆற்றங்கரைக்குச் சென்றோம். பருக்கைக் கற்கள் பரந்த திடலில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அமர்ந்திருந்தது. எழுந்து நகர்ந்தபோது அது கிடந்த குழியில் நான்கு முட்டைகள் தோன்றின. கல்லோடு கல்லாய்க் கலந்த நிறத்தன. நாற்பதடி தொலைவில் நின்று, 300 லென்ஸோடு இடைக்குழலை மாட்டிக் குறிவைத்தோம். லென்ஸ் முன்னும் பின்னும் உருண்டு குவியுமிடம் தேடித் தவித்தது, ஓரிடத்தும் நிற்கவில்லை. அக்காமிராவின் தானியங்கிக் குவிப்பு எஃப் 5.6 வரையிற்றான் நம்பத்தக்கது. யாம் கொடுத்ததோ எஃப் 11. எம் குழலோ அவ்வுண்மையைக் காமிராவுக்கு உரைக்கவுமில்லை. லென்ஸ் இன்னும் 300 என்றும், துளை இன்னும் 5.6 என்றுமே அது தெரிவித்தது. பொய்த்தூதனை நம்பிய அரசனைப்போலக் காமிரா மயங்கியது. கையாற் குவித்தெடுத்த படங்களும் பனியிற் கண்டாற்போல் மங்கின. கைநடுக்கமும் இருமடங்காய்ப் பெருகித் தெரிந்தது.

அப்பொழுது யாம் செய்ததே இக்கட்டுரைக்குக் காரணம். கருவி எம்மை அருகிற் கொண்டுசெல்லாமையின், யாமே அருகிற் சென்றோம். நாற்பதடி இருபதாயிற்று, இருபது பத்தாயிற்று. பறவைகள் இரண்டும் எம் தலைக்குமேற் சுழன்று கதறின. ஆள் வருவதைக் காட்டுவதால் அக்குருவிக்கு ஆள்காட்டி என்று பெயர். அன்று காட்டப்பட்ட ஆள் யாம். உச்சி வெயிலில், நிழலற்ற கல்லின்மேல், அம்முட்டைகள் அரைமணி நேரம் திறந்து கிடந்தன. யாமோ துளையையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.

படித்துறையிலிருந்து துணிமூட்டையோடு வந்த எம் ஆச்சி அக்கதறலைக் கேட்டு நின்றார்கள். “ஏலே, அது அடைகாக்குற எடத்துல உனக்கு என்னலே சோலி? ஒங்கம்மை உன்னைய வெயில்லயா போட்டு வளத்தா?” என்றார்கள். யாம் விடைசொல்ல இயலாது காமிராவைப் பைக்குள் இட்டோம். திரும்பிப் பார்த்தபோது ஒரு பறவை ஆற்றுக்குப் பறந்து, நீரில் அமர்ந்து, வயிற்றுத் தூவியை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேற் கிடந்தது. வெப்ப நாட்களில் இவ்வினம் முட்டைகளைக் குளிர்விக்கும் முறை அஃது. அரைமணி நேரம் அவ்வேலையை யாம் தடுத்து வைத்திருந்தோம் என்பது அப்பொழுதே புலனாயிற்று.

மாலையில் மாமாவிடம் சென்று கருவியைக் குறைகூறினோம். அவர் முப்பது ஆண்டு கலியாணப் படம் எடுத்தவர். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மருமவனே, மாட்டுனா மாட்டும். மாட்டிட்டதாலயே சேந்துருச்சின்னு ஆயிருமா?” என்றார். மறுநாள் விடியலில் எம்மை மாடிக்கு அழைத்துச் சென்று, தம்மிடமிருந்த லென்ஸுகளையெல்லாம் வரிசையாக வைத்தார். ஆலயக் கோபுரத்துச் சிலுவையைக் குறியாகக் கொண்டு, முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒவ்வொரு லென்ஸையும் இடைக்குழலோடும் இடைக்குழலின்றியும் சோதித்தோம்.

கண்டவை இவை. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் இருமடங்குக் குழலோடு சேர்ந்து 100 மில்லிமீட்டர், எஃப் 3.6 ஆயிற்று, விரைவாகக் குவிந்தது, நடுப்பகுதி தெளிவாயும் ஓரங்கள் கலங்கியும் இருந்தன. எமது 70–300 லென்ஸின் படத்தைக் குழலோடு எடுத்ததும், குழலின்றி எடுத்துக் கணிப்பொறியில் வெட்டிப் பெருக்கியதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வெட்டியதே சற்று மேல். அண்மைப் படத்திற்குரிய 100 மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸ் எம்மை வியப்பித்தது. குழலை மாட்டினாலும் அது குவியக்கூடிய மிகக் குறைந்த தொலைவு மாறுவதில்லை. உருவம் மட்டும் பெரிதாகின்றது. மாடிச் சுவரில் ஊர்ந்த எறும்பின் காலில் இருந்த மயிரும் தெரிந்தது.

இறுதியாக மாமா பெட்டியின் அடியிலிருந்து, பழைய 300 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸ் ஒன்றை எடுத்தார். நீட்டவும் குறுக்கவும் இயலாத, ஒரே அளவினது, கனமானது. அதனோடு 1.4 மடங்கு பெருக்கும் வேறோர் இடைக்குழலை மாட்டினார். அதுவும் பிற நிறுவனத்தார் செய்ததே. 420 மில்லிமீட்டர், எஃப் 5.6: காமிராவின் எல்லைக்குள் அடங்கிற்று. ஒரே முயற்சியிற் குவிந்தது. சிலுவையின் விளிம்பில் இருந்த துருவும் தெளிவாய்த் தெரிந்தது. குற்றம் பிறர் செய்த குழல் என்பதில் இல்லை. எதனோடு எதனை இணைத்தோம் என்பதிலேயே இருந்தது. ஒளி மிகுதியுடைய கூர்மையான லென்ஸ் தன் செல்வத்தில் அரைப்பங்கை ஈந்தும் வாழும். ஏற்கெனவே வறிய லென்ஸிடம் முக்காற்பங்கைப் பறித்தால் அது யாது செய்யும்? அத்துச் சாரியையும் வற்றுச் சாரியையும் அக்கணமே எம் நினைவில் எழுந்தன. கண்ணாடி மடிப்பில்லாத இக்காலத்துப் புதிய காமிராக்கள் பல எஃப் 11-லும் குவிய வல்லன என்பது உண்மை. ஆயினும் அவையும் இழந்த ஒளியை மீட்டுத் தருவதில்லை. மங்கிய லென்ஸைக் கூர்மையாக்குவதுமில்லை.

இரண்டு வாரம் ஆற்றங்கரைப் பக்கமே யாம் செல்லவில்லை. வெட்கமே காரணம். பின்னர் ஒரு நாள் வைகறையில் அந்த 300 லென்ஸையும் 1.4 குழலையும் இரவல் பெற்றுச் சென்றோம். திடலிற் கால் வையாது, நூறடிக்கு அப்பால் பனைமரங்களின் பின்னே முக்காலியை ஊன்றி அமர்ந்தோம். தாய்க்குருவி எம்மைப் பொருட்படுத்தாது கிடந்தது. கண்ணுக்கு முன்னே தொங்கும் சிவந்த தசைமடலும், மார்பின் கருமையும் தெளிவாய்த் தெரிந்தன. ஒரு முறையேனும் அது எங்களை நோக்கிக் கதறவில்லை. படத்தில் அது கைப்பெருவிரல் அளவே இருந்தது. ஆயினும் அஞ்சாத பறவையாக இருந்தது. முன்பு பத்தடியில் எடுத்த படங்களிலோ, பறவை பெரிது. அதன் வாய் திறந்திருந்தது.

அன்று முதல் நாள்தோறும் அவ்விடத்திலேயே அமர்ந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் குழியின் அருகே பஞ்சுப் பொதிபோற் குஞ்சுகள் அசைந்தன. எண்ணினோம், மூன்று. மாலைக்குள் அவை தாயின் பின்னே வயல்வரப்பை நோக்கி ஓடிவிட்டன. லென்ஸை மீண்டும் குழியின்மேற் குவித்தபோது நான்காவது முட்டை அங்கேயே கிடந்தது.

பொரியாத முட்டை எல்லாக் கூடுகளிலும் இருப்பதுண்டு என்றார் மாமா. உண்மையே. அன்றைய வெயிலால் அது கெட்டதோ, இயல்பாகவே கருவற்றிருந்ததோ, அறிய வழியில்லை. ஆச்சியிடம் கூறியபோது அவர்கள் ஒன்றும் சொல்லாமல் முறத்திலிருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருமடங்குக் குழலை யாம் விற்றுவிடவில்லை. மாக்ரோ லென்ஸோடு மாட்டி எறும்பும் தும்பியும் எடுக்கப் பயன்படுத்தி வருகின்றோம். அவற்றிற்கு அஃது இசைந்த துணை. காமிரா வாங்கிய மாணவ நண்பர் சிலர், எக்குழல் எந்த லென்ஸிற் பொருந்தும் என்று எம்மை வினவுகின்றனர். பெரும்பாலும் எதுவும் எதிலும் பொருந்தும் என்றே விடை கூறுகின்றோம். பின்னர், ஒளி எஃப் எத்தனை எஞ்சும் என்று கணக்கிட்டுக் காட்டுகின்றோம். கணக்கு ஒவ்வாதாயின் படத்தை வெட்டிப் பெருக்குங்கள், அன்றேல் சிறிய படமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அருகில் மட்டும் செல்லாதீர்கள் என்கின்றோம்.

இம்மலரில் வெளியிட அப்படங்களுள் ஒன்றைத் தருமாறு ஆசிரியர் கேட்டனர். மூன்று குஞ்சுகளின் படத்தைத் தந்துள்ளோம். நான்காவது முட்டையின் படம் விடுதியில் எமது மேசைமேல், இலக்கணப் புத்தகத்தினுள் இருக்கின்றது.