662-உம் 04637-உம்

ஒரு மாசமா ஆபீஸ் பஸ்ஸில் போறப்பவும் வர்றப்பவும் காதுல ஒரே ஆல்பம்தான். பேரு '662'. பாடி, கிடார் வாசிச்சவர் கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்க்ராம். 2021-ல் வந்தது, 2022-ல் சமகால புளூஸ் ஆல்பத்துக்கான கிராமி வாங்கிச்சு. 1999-ல் பொறந்த பையன். ஆனா கிடாரை அழ வைக்கிறதைக் கேட்டா அறுபது வயசு மனுசன் மாதிரி இருக்கும்.

அதென்ன 662? தேடிப் பார்த்தா, வடக்கு மிசிசிப்பியோட டெலிபோன் கோடாம்! அவர் ஊர் கிளார்க்ஸ்டேல் அதுக்குள்ளதான் வருது. உலகத்துக்கே போற ஆல்பத்துக்கு ஊர் கோடைப் பேரா வச்சிருக்கான் மனுசன். நம்ம ராதாபுரத்துக்கு 04637. அந்தப் பேர்ல ஒரு ஆல்பம் வந்தா அதுல என்ன இருக்கும்னு யோசிச்சேன். பெருசா யோசிக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டுதான் :-)

கொடைக்கு ராத்திரி முழிச்சவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். நடுவுல மணி கட்டின வில்லு, ரெண்டு வீசுகோல், பக்கத்துல உடுக்கு, குடம், தாளம். தலைவர் ஒரு வரி பாடுவார், பக்கப்பாட்டுக்காரங்க அதை வாங்கித் திருப்பிப் பாடுவாங்க. கதை சொன்னா 'ஆமா' போடுவாங்க. புளூஸிலும் இதே மாதிரி ஒரு பேச்சு நடக்கும். ஒரு வரியை ரெண்டு தடவை பாடி, மூணாவது வரியில பதில் சொல்வாங்க. நடுவுல கிடார் 'ஆமா' போடும்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புளூஸ்காரர் பெரும்பாலும் தன் கஷ்டத்தைப் பாடுவார். வில்லுக்காரர் அநியாயமா செத்துச் சாமியானவங்க கஷ்டத்தைப் பாடுவார். முத்துப்பட்டன் கதை ஒண்ணு போதும். சாதியை விட்டு வந்து பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கிட்டவன், சண்டையில வெட்டுப்பட்டுச் செத்து, பாபநாசம் காட்டுல சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயனா நிக்கிறான். அந்தக் கட்டம் வர்றப்ப கேட்கிற சனம் கலங்கிப் போகும்.

அப்ப சரக்கு நம்மகிட்டயும் இருக்கு. ஆல்பம் மட்டும் ஏன் அங்க இருந்து வருது?

திறமை வானத்துல இருந்து குதிக்கலைங்க. கிளார்க்ஸ்டேலில் 1979-ல் டெல்டா புளூஸ் மியூசியம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இப்ப அது இருக்கிறது ஒரு பழைய ரயில் சரக்கு டிப்போவில். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய கிடாரை வச்சுப் பூட்டினதோட நிறுத்தலை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு கிடாரும் டிரம்ஸும் சொல்லித் தர்றாங்க. கிங்ஃபிஷ் அங்க படிச்ச பையன். 2014-ல் அந்த மியூசியம் பிள்ளைங்களோட சேர்ந்து வெள்ளை மாளிகையிலேயே வாசிச்சான். அஞ்சு வருஷம் கழிச்சு, 2019-ல், முதல் ஆல்பம்.

பேர் வைக்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அமெரிக்காவில கறுப்பர் பாட்டை 'இன இசைத்தட்டு'ங்கிற அர்த்தத்துல ஒரு தனிப் பட்டியல்ல போட்டு வச்சிருந்தாங்க. 1949-ல் பில்போர்டு பத்திரிகை அதை 'ரிதம் அண்ட் புளூஸ்'னு மாத்திச்சு. பேர் மாறினதால அவமானம் எல்லாம் தீர்ந்துடலை. ஆனா எது புதுசா வந்துச்சு, எது வித்துச்சுன்னு வாராவாரம் கணக்குப் பார்த்தாங்க. நாம 'நாட்டுப்புறக் கலை'ன்னு ஒரு பொட்டி செஞ்சு, வில்லை அதுக்குள்ள வச்சு, பொங்கல் விழாவுக்கு மட்டும் தூசி தட்டுறோம்.

பாபி ரஷ்னு ஒரு பெரியவர், 2017-ல் 83 வயசுல தன் முதல் கிராமியை வாங்கினார். அதுக்கப்புறமும் புது ஆல்பம் போட்டு மேல ரெண்டு வாங்கிட்டார். நம்ம பக்கத்துக் குமரி மாவட்டத்துல வீசுகோல் பிடிச்சுப் பேர் வாங்கின பூங்கனி அம்மா, 2018-ல் எண்பதைத் தாண்டின வயசில காலமானாங்க. கடைசிக் காலம் வறுமையிலதான் போச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மனசு ஒரு மாதிரி ஆயிருது.

எங்க பெரியப்பா மகன் வீட்ல ஆறாப்பு படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். கொடை முடிஞ்சு ஒரு வாரத்துக்குத் தண்ணிக் குடத்தை விட மாட்டான், தட்டிக்கிட்டே இருப்பான். தாளம் பிசகாது. முறையாப் படிக்க அனுப்பலாமேன்னு போன்ல கேட்டேன். அண்ணன் பட்டுன்னு சொன்னான்: "ஏல, கொடை வந்தாத்தான் வில்லுக்காரனைத் தேடுவாங்க. மத்த நாளு சோறு எவன் போடுவான்? நீ கம்ப்யூட்டர் படிச்சுட்டுப் போயிட்ட, எம்பிள்ளை மட்டும் குடம் அடிக்கணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. முழுப் பதில் என்கிட்ட இல்லை. ஆனா கிளார்க்ஸ்டேல் வகுப்புல சேர்ந்த அத்தனை பிள்ளையும் கிராமி வாங்கலையே. பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்க ஒரு இடம் இருந்துச்சு, அவ்வளவுதான். படிப்பும் நடக்கட்டும், குடமும் நடக்கட்டும்னு சொல்லியிருக்கேன். பாதி இறங்கி வந்திருக்கான்.

அதனால மக்கா, வள்ளியூர், பணகுடி, திசையன்விளை பக்கம் சனி ஞாயிறுல பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற வில்லுக்காரங்க யாராச்சும் தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. மாணவன் ரெடி. மீதிப் பாதி அண்ணனை நான் பார்த்துக்கிறேன்.